மழைக்கு ஒதுங்கிய வீடு

என் அம்மாயிக்கு, அதாவது அம்மாவின் அம்மாவுக்கு, அந்த வீட்டைப் பற்றித் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். மழை வந்தால் உள்ளே ஓடிப்போய் நிற்கலாம்.

"சுவரு அவ்ளோ கனம்டா. சன்னல் திண்டுல ரெண்டு பேரு சம்மணம் போட்டு உக்காரலாம். கொழுந்துக் கூடைய உள்ள வச்சுட்டு நாங்க அங்கதான் வெத்தல போடுவோம். மேல பாதி கூரை இருக்காது. பாம்பு கெடக்கும்னு சிலது வெளியவே நனைஞ்சுக்கிட்டு நிக்கும். நான் பயப்பட மாட்டேன். இந்தக் குளிர்ல பாம்பு என்னத்துக்கு வருது?"

இது 80-களின் கதை. அம்மாயி 1974-இல் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர். மண்டபம் முகாமில் கொஞ்ச நாள் கிடந்து, எங்கெங்கோ அலைந்து, கடைசியில் கோத்தகிரிக்கு வந்து சேர்ந்தார். இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் 1964-இல் போட்ட ஒப்பந்தத்தில் இந்தப் பக்கம் அனுப்பப்பட்ட லட்சக்கணக்கான பேரில் ஒருத்தர். இலங்கையின் நுவரெலியாவில் தேயிலைக் கொழுந்து பறித்த கை இங்கே வந்தும் கொழுந்துதான் பறித்தது. கன்னேரிமுக்குப் பக்கம் சின்னச் சின்னத் தோட்டங்களுக்கு நாள் கூலிக்குப் போவார். அங்கே இடிந்து கிடந்த ஒரு பழைய கட்டடம்தான் அவருடைய மழை வீடு.

அது நீலகிரியில் வெள்ளைக்காரர் கட்டிய முதல் வீடு என்று சொல்லப்படுகிற சல்லிவன் பங்களா என்பது எனக்கே கல்லூரி முடித்த பிறகுதான் தெரியும். அம்மாயியிடம் போய்ச் சொன்னேன். "யாரு வீடா இருந்தா என்ன" என்றார். அத்தோடு சரி.

கோத்தகிரி பேருந்து நிலையத்திலிருந்து கன்னேரிமுக்கு இரண்டு கிலோமீட்டர்தான். நடந்தே போகலாம். ஊட்டி போகிறவர்கள் கோத்தகிரியில் இறங்கி ஒரு டீ குடிப்பார்கள், அப்புறம் வண்டியைக் கிளப்பிவிடுவார்கள். இந்த வீட்டுக்கு வருகிறவர்கள் கொஞ்சம் பேர். அதுவும் நல்லதுதான் என்று எனக்குள் ஒரு சுயநலம் உண்டு.

ஜான் சல்லிவன் 1815 முதல் 1830 வரை கோயம்புத்தூர் கலெக்டர். 1799-இல் திப்பு விழுந்ததும் கோவைச் சீமை கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்துவிட்டது. ஆனால் தலைக்கு மேலே நீலமாக நின்ற மலையில் என்ன இருக்கிறது என்று கீழே இருந்த துரைமாருக்குச் சரியாகத் தெரியாது. 1812-இல் வில்லியம் கீஸ் என்கிற நில அளவையாளர் ஏறிப் பார்த்தார். 1818-இல் விஷ், கிண்டர்ஸ்லி என்று கலெக்டரின் உதவியாளர்கள் இரண்டு பேர் ஏறிவிட்டு வந்து மேலே குளுகுளுவென்று இருக்கிறது என்றார்கள். வெயிலில் வெந்துகொண்டிருந்த கலெக்டருக்கு அது போதாதா? 1819 ஜனவரி 2-ஆம் தேதி ஐரோப்பியர்களும் இந்தியச் சிப்பாய்களும் அடங்கிய ஒரு கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு சல்லிவன் கிளம்பினார். மேலே வந்து சேர ஆறு நாள் ஆனது. வழியில் சிலர் உயிரையும் விட்டார்கள். ஏறச் சொன்னவர் பெயர் ஊருக்குத் தெரியும், செத்தவர்களின் பெயரை நான் எந்தப் பலகையிலும் பார்த்ததில்லை.

இன்று மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறினால் 33 கிலோமீட்டர். வாந்தி வராமல் இருந்தால் ஒரு தூக்கம் போட்டு எழுந்திருக்கிற நேரம்.

மேலே வந்த சல்லிவன், பிறகு சென்னை கவர்னரான தாமஸ் மன்றோவுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் இந்த நாடு சுவிட்சர்லாந்தைப் போல இருக்கிறது என்று வரும். இன்றைக்கும் ஊட்டி ஓட்டல் விளம்பரங்கள் அந்த ஒற்றை வரியை வைத்துத்தான் பிழைக்கின்றன. ஆனால் அவர் எழுதியதில் 'என்று நினைக்கிறேன்' என்று ஒரு சேர்க்கை உண்டு. அதை மட்டும் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அந்தத் தயக்கம்தான் பிடித்தது. மலையைப் பார்த்தவுடன் இன்னொரு மலையின் பெயரைச் சொன்னாலும், கொஞ்சம் கூச்சத்தோடு சொல்லியிருக்கிறார்.

அந்த 1819-லேயே கன்னேரிமுக்கில் எழுந்தது இந்த வீடு. பெத்தக்கல் பங்களா என்று இன்னொரு பெயரும் உண்டு.

சரி, ஏன் இங்கே? மலையில் இடமா இல்லை? எனக்கு ரொம்ப நாள் இந்தக் கேள்வி இருந்தது. பதில் சாதாரணமானது. வழி இந்தப் பக்கம்தான் இருந்தது. சமவெளியிலிருந்து ஏறுகிற பழைய ஒற்றையடிப் பாதைகள் கிழக்குச் சரிவில், தணாய்க்கன்கோட்டைப் பக்கத்திலிருந்து கோத்தகிரிக்குப் பக்கத்துத் திம்பட்டியை நோக்கி வந்தன. அந்தக் கோட்டை இப்போது பவானிசாகர் அணைக்குள் முங்கிக் கிடக்கிறது. தண்ணீர் நன்றாக வற்றுகிற வருஷம் மட்டும் தலையைக் காட்டும். பிறகு சிறுமுகைப் பக்கமிருந்து கோத்தகிரி வழியாகக் குதிரை போகிற அளவுக்கு ஒரு பாதை வெட்டினார்கள், 1823-இல் முடிந்தது. ஆக, ஏறி வருகிறவன் முதலில் மூச்சு வாங்குகிற இடம் கோத்தகிரி மேடு.

இன்னொரு காரணம் மழை. தென்மேற்குப் பருவக்காற்று வரும்போது 2,637 மீட்டர் உயரத் தொட்டபெட்டா மலை குறுக்கே நின்று வாங்கிக்கொள்ளும். ஊட்டியில் ஜூலை முழுக்க நசநசவென்று ஊற்றிக்கொண்டிருக்க, இங்கே தூறலும் வெயிலுமாகப் போய்விடும். எங்களுக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். அம்மாயி சன்னல் திண்டில் உட்கார்ந்து வெற்றிலை போட்டதெல்லாம் அந்த மாதங்களாகத்தான் இருக்க வேண்டும்.

அப்புறம் சல்லிவனுக்கு இந்த இடமும் போதவில்லை. மேற்கே இன்னும் உயரத்தில் எருமை மேய்க்கிற தோடர்களின் மந்து, அதாவது குடியிருப்பு, இருந்த புல்வெளியைப் பார்த்தார். 1821-இல் மெட்ராஸ் கெஜட்டில் வந்த ஒரு கடிதத்தில் அந்த இடத்தின் பெயர் 'வோட்டோகைமந்து' என்று இருக்கிறது. இன்றைய உதகமண்டலம்தான். தோடர்களிடம் ஏக்கர் ஒரு ரூபாய் என்று நிலம் வாங்கி, 1822-இல் கல் வீடு கட்ட ஆரம்பித்தார். கல் பங்களா. இப்போது அரசு கலைக் கல்லூரி வளாகத்துக்குள் இருக்கிறது. ஊட்டி ஏரியும் அவர் வேலைதான். ஊர் அங்கே போனது, அதிகாரிகளும் பின்னாலேயே போனார்கள். 1830-களில் குன்னூர் வழியாக மலைப்பாதை போட்டார்கள். 1899-இல் குன்னூர் வரை ரயில் ஏறியது, 1908-இல் ஊட்டி வரை போய்விட்டது. ரயில் இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எல்லோரும் கோத்தகிரியைத் தாண்டிப் போன கதைதான் இது. தாண்டிப் போனதால்தான் இந்த வீட்டை இடித்து மூன்று மாடி ஓட்டல் கட்ட யாருக்கும் அவசரம் வரவில்லை என்று நான் நினைக்கிறேன்.

இப்போது 'முதல்' என்கிற சொல்லைக் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். நீலகிரியைக் கண்டுபிடித்தவர் சல்லிவன் என்று பள்ளியில் வாத்தியார் சொல்லிக் கொடுத்தார். எங்கள் வகுப்பில் பாதிப் பேர், சல்லிவனுக்கு வெகு காலம் முன்பே இந்த மலையில் குடியிருந்த படகர் வீட்டுப் பிள்ளைகள். யாரும் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டோம்.

போசள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் தளபதி தோடர்களை மிரட்டியதைப் பெருமையாகச் சொல்லும் கல்வெட்டு 1117-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கேரளப் பக்கமிருந்து ஃபெனிசியோ என்கிற பாதிரியார் 1603-இல் ஏறி வந்து தோடர்களைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். கோத்தகிரி என்பதே கோத்தர்களின் கேரி, அதாவது தெரு. இரும்படிக்கிற, பானை வனைகிற, கொம்பு ஊதுகிற கோத்தர்கள் இல்லாமல் இந்த மலையில் ஒரு சடங்கும் நடக்காத காலம் ஒன்று இருந்தது. படகர்களின் ஹட்டிகளில், அதாவது ஊர்களில், வரிசை வரிசையாக வீடுகள். சல்லிவன் வந்த அன்றைக்கு மலையில் அடுப்புப் புகை எழாத சரிவே இருந்திருக்காது. அவர் கட்டியது அவர் மாதிரி வீட்டில் முதலாவது, அவ்வளவுதான்.

பக்கத்திலேயே இருக்கிற அருவியைக் கேத்தரின் அருவி என்கிறோம். காபி போட்ட காக்பர்ன் துரையின் மனைவி பெயர். அவர் வருமுன் தண்ணீர் கீழே விழாமல் தொங்கிக்கொண்டா இருந்தது?

சல்லிவனை மட்டும் தனியாகத் திட்டவும் மனசு வரவில்லை. மலை தோடர்களுடைய சொத்து, எடுத்தால் ஈடு கொடுக்க வேண்டும் என்று மேலிடத்தோடு வாதாடியவர். உயர்ந்த பதவிகளில் இந்தியர்களை வைக்க வேண்டும் என்றவர். கம்பெனி ஆட்சி ஒரு பஞ்சு, கங்கைக் கரையின் நல்லதையெல்லாம் உறிஞ்சித் தேம்ஸ் கரையில் பிழிகிறது என்று சொன்னதும் அவர்தான். சொன்னவரும் அந்தப் பஞ்சின் ஒரு இழைதானே என்று கேட்டால், ஆமாம். உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் எல்லாம் அவருடைய தோட்டத்திலிருந்து மலையில் பரவியவை. எங்கள் மார்க்கெட்டில் இன்றைக்கும் அவற்றுக்கு 'இங்கிலீஷ் காய்' என்றுதான் பெயர்.

நான் முதல் தடவை அங்கே போனது சரவணன் மாமாவோடு. என்னுடைய சின்ன மாமா, கொத்தனார். நாற்பது வருஷமாக இந்த மலையில் சுவர் வைக்கிறவர். அவரைப் பழைய கட்டடத்துக்குக் கூட்டிப் போனால் நாம் ஒன்றைப் பார்ப்போம், அவர் வேறொன்றைப் பார்ப்பார். நான் பலகையில் எழுதியிருந்ததைப் படித்துக்கொண்டிருந்தபோது அவர் வீட்டின் மூலைக்குப் போய் ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுவரின் விளிம்பை மேலிருந்து கீழாகப் பார்த்தார். தூக்குக்குண்டு கையில் இல்லையென்றால் அப்படித்தான் பார்ப்பாராம்.

"நூல் பிடிச்ச மாதிரி இருக்கு மாப்ள."

"புதுசாச் சரிபண்ணிருக்காங்க மாமா. 2000-த்துக்கு அப்புறம்தான் கலெக்டர் ஆபீஸ்ல எடுத்துக் கட்டினாங்க. அதுக்கு முன்னாடி இடிஞ்சு கெடந்துச்சு, அம்மாயி சொல்லும்ல."

"பூச்சுதான் புதுசு. சுவரு பழசு. சுவரு நின்னதுனாலதான பூசுனான்?"

உள்ளங்கையை விரித்துச் சுவரில் வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். டாக்டர் காய்ச்சல் பார்ப்பது போல இருந்தது. ஓதம் இருக்கிறதா என்று பார்க்கிறாராம். மலையில் வீடு வைத்திருக்கிறவர்களுக்கு ஓதம்தான் பெரிய பகையாளி. திருடன்கூட அப்புறம்தான். தரையிலிருந்து ஏறும், மண்ணை ஒட்டிய பின்சுவரில் கசியும், பீரோவுக்குப் பின்னால் பூஞ்சை பூக்கும், கல்யாணப் பட்டுப்புடவையை எடுத்தால் முக்கிப்போன வாடை அடிக்கும்.

மாமா அன்று சொன்ன பாடத்தை நான் எந்தப் புத்தகத்திலும் இவ்வளவு தெளிவாகப் படிக்கவில்லை. பழைய வீடுகளில் கல்லையும் மண்ணையும் வைத்துக் கனமாகச் சுவர் எழுப்பி, மேலே சுண்ணாம்புக் காரை பூசுவார்கள். சுண்ணாம்பு, சிமெண்ட் மாதிரி தண்ணீரோடு சண்டை போட்டு ஒரே ராத்திரியில் இறுகாது. காற்றில் இருக்கிற கரிவளியை (கார்பன் டை ஆக்சைடை) மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டு, மாதக்கணக்கில், திரும்பவும் சுண்ணாம்புக் கல்லாக மாறும். அப்படி இறுகினாலும் அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும். மழைக்காலத்தில் சுவர் ஈரத்தைக் குடிக்கும், வெயில் வந்ததும் அந்தத் துளை வழியாகவே வெளியே விட்டுவிடும்.

"இது மூச்சு விடுற சுவரு. இதுமேல போயி சிமெண்ட்டப் பூசுனா என்ன ஆகும்? வாயில துணிய அமுக்குன மாதிரி. உள்ள போன தண்ணி வெளிய வராது. மண்ணு ஊறும். வெளிய பாத்தா சிமெண்ட் பளபளன்னு இருக்கும், உள்ள சுவரு சேறாப் போயிரும். ரெண்டு மழைல பூச்சு பாளம் பாளமா உருண்டு விழும். நம்மாளு என்ன பண்ணுவான்? இன்னும் கொஞ்சம் கெட்டியாச் சிமெண்ட் அடிப்பான்."

"நீங்களும் அடிச்சிருக்கீங்களா மாமா?"

"எத்தன வீட்டுக்கு! கூலி குடுக்குறவன் கேக்குறான், அடிக்கிறோம்." கொஞ்சம் விட்டு, "நம்ம வீட்டுப் பின்சுவரும் நான் அடிச்சதுதான்" என்றார்.

எங்கள் வீட்டுப் பின்சுவரின் யோக்கியதை எனக்குத் தெரியும். மேலே பேசவில்லை.

வீட்டுக்குள்ளே இப்போது நீலகிரி ஆவண மையமும் அருங்காட்சியகமும் இருக்கின்றன. கீழும் மேலுமாக இரண்டு தளம். மலையின் பழைய படங்கள், தோடர், கோத்தர், குறும்பர், இருளர், படகர் என்று ஒவ்வொரு கூட்டத்தாரின் படங்கள். அந்தக் காலத்துப் போட்டோக்களில் யாருமே சிரிப்பதில்லை. அசையாமல் நிற்கச் சொல்லியிருப்பார்கள், குளிர் வேறு. ஒரு தோடப் பெரியவரின் படத்துக்கு முன் நான் ரொம்ப நேரம் நின்றேன். பூ வேலை செய்த பூத்துக்குளிச் சால்வையைச் சுற்றிக்கொண்டு, கேமராவைப் பார்க்காமல், அதற்குப் பின்னால் இருந்த யாரையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் ஆட்களின் படம் எதுவும் என் கண்ணில் படவில்லை. சிலோன்காரர்கள் என்று ஊர் சொல்கிற நாங்கள் வந்து ஐம்பது வருஷம்தான் ஆகிறது. ஆவணமாக ஆவதற்கு அது போதாதோ என்னவோ. குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். நானும் ஒரு படம் கொண்டுபோய்க் கொடுத்ததில்லையே.

சல்லிவனின் கடைசிக் காலம் அவ்வளவு நன்றாக இல்லை. 1820-இல் ஹென்ரியெட்டாவைக் கல்யாணம் செய்துகொண்டார். இந்த மலையில் குடியிருந்த முதல் வெள்ளைக்காரப் பெண் அவர்தான் என்பார்கள். 1838-இல் அவரும் மகள் ஹாரியட்டும் இறந்துபோனார்கள். ஊட்டி செயின்ட் ஸ்டீபன் தேவாலயத்துப் பின்மேட்டில் இருவரின் கல்லறையும் இருக்கிறது. அந்தத் தேவாலயத்து உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையைப் பிரித்துக் கொண்டுவந்த மரம். சல்லிவன் சில வருஷத்தில் வேலையை விட்டுக் கப்பல் ஏறினார், 1855-இல் இங்கிலாந்தில் இறந்தார். குடும்பத்தில் பாதியை இந்த மண்ணில் வைத்துவிட்டுக் கடல் தாண்டுவது எப்படி இருக்கும் என்று எங்கள் வீட்டில் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அம்மாயியின் மூத்த பையன் நுவரெலியாவில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற ஒரு லயத்துக்குப் பின்னால் இருக்கிறான். மூன்று வயது. அம்மாயி அவன் பெயரைச் சொல்லி நான் இரண்டே தடவைதான் கேட்டிருக்கிறேன்.

போன கார்த்திகையில் ஒருவழியாக அம்மாயியை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். எண்பது தாண்டிவிட்டது, முட்டி வலி. ஆட்டோ வைத்துத்தான் போனோம். இறங்கியதும் வீட்டைப் பார்க்கவில்லை, சுற்றியிருந்த தேயிலையைப் பார்த்தார். "கவாத்து ஒழுங்கா பண்ணல" என்றார். அப்புறம் வீட்டை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இதுவா? இது அது இல்லடா" என்று திரும்பிப் போகப் பார்த்தார்.

அதுதான் என்று நான் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. நம்பாமலேயே உள்ளே வந்தார். படங்கள் ஒன்றையும் பார்க்கவில்லை. நேராகச் சன்னலுக்குப் போய்க் கையை நீட்டி அளந்தார். முழங்கையைச் சுவரின் உள்விளிம்பில் ஊன்றி விரலை நீட்டினார். ஒரு முழம் போய், அதற்கு மேலும் மிச்சம் இருந்தது.

"அட, ஆமா" என்றார். "பெயிண்ட் அடிச்சு ஏமாத்திட்டானுங்க."

உட்காரப் போனவரைக் காவலாளி, "பாட்டி, அதுல உக்காரக் கூடாது" என்று தடுத்தார்.

"உக்காந்திருக்கேன்பா. நீ பொறக்குறதுக்கு முந்தி" என்றார் அம்மாயி. அந்தப் பையன் சிரித்துவிட்டு, தன் நாற்காலியை இழுத்துப் போட்டான். வெளியே மூடுபனி தேயிலைமேல் இறங்கிக்கொண்டிருந்தது. அம்மாயி மடியிலிருந்து வெற்றிலைப் பையை எடுத்து, அவனைப் பார்த்துவிட்டு, மறுபடியும் செருகிக்கொண்டார்.

கிளம்பும்போது வருகைப் பதிவேட்டை நீட்டினார்கள். அம்மாயிக்கு எழுத வராது. பெயரை நான் எழுதினேன். ஊர் என்ற இடத்தில் நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தேன். கொஞ்சம் யோசித்தார். "நீ எந்த ஊரோ அதையே போடு" என்றார். கோத்தகிரி என்று எழுதினேன். கடைசிக் கட்டத்தில் கருத்து எழுத வேண்டும். மேலே யாரோ சூப்பர் என்று எழுதியிருந்தார்கள், அதற்கு மேலே நன்று.

"என்ன அம்மாயி எழுதட்டும்?"

"கூரை போட்டுட்டாங்க, சுவரு நல்லா இருக்குன்னு எழுது. மழை பெஞ்சா பொம்பளைங்கள உள்ள விடச் சொல்லி எழுது."

எழுதினேன்.